பழைய போனில் லினக்ஸ் போட்ட பிறகு வீடியோ ஏன் திக்கித் திக்கி ஓடுகிறது?

தம்பி, எந்தப் பேக்கேஜைப் போட்டால் ஹார்ட்வேர் ஆக்ஸிலரேஷன், அதாவது வீடியோவை விரிக்கிற வேலையைச் சிபியுவுக்குப் பதிலாகத் தனி ஹார்ட்வேர் பார்ப்பது, வேலை செய்யும் என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் எழுதியிருக்கிற விவரத்தை முழுசாக வாசித்தால் உங்கள் பிரச்சினை ஒரு பேக்கேஜில் முடிகிற மாதிரி தெரியவில்லை. தலவாக்கலையில் இருந்து ஏ.எல். படிக்கிறீர்கள். மாமா மகன் பாவித்துவிட்டுக் கொடுத்த போக்கோ எஃப்1. ஆண்ட்ராய்டு அப்டேட் நின்றுபோனதால் பழைய போன்களுக்கான லினக்ஸான போஸ்ட்மார்க்கெட்ஓஎஸ் போட்டு, ஃபோஷ் என்ற திரை அமைப்போடு ஓட்டுகிறீர்கள், மற்றதெல்லாம் சரியாக இருக்கிறது. கெமிஸ்ட்ரி சேர் அனுப்புகிற ரெக்கார்டிங்கையோ யூடியூப்பையோ திறந்தால் மட்டும் படம் திக்குகிறது, போனின் முதுகு சுடுகிறது, பாடம் முடிவதற்குள் சார்ஜ் இறங்கிவிடுகிறது. கம்ப்யூட்டருக்காக எழுதிய ஒரு குறிப்பைப் பார்த்து ஹார்ட்வேரில் வீடியோ ஓட்டுவதற்கான விஏ-ஏபிஐ சாமான்களை எல்லாம் போட்டு, அதைச் சோதிக்கிற விஏஇன்ஃபோவை ஓட்டினால் எரர் வருகிறது. ஆண்ட்ராய்டில் அலுங்காமல் ஓடிய அதே வீடியோ இங்கே ஏன் ஓடவில்லை, ஜிபியு பழுதா, இதைச் சரிசெய்ய முடியுமா என்பதுதான் கேள்வி என்று எடுத்துக்கொள்கிறேன்.

நான் ஹட்டன் டவுனில் போன் ரிப்பேர் கடை வைத்திருக்கிறேன். திருத்தக் கொடுத்துவிட்டு யாரும் திரும்பி வராத போன்கள் கடையில் சேர்ந்துகொண்டே போகும், அவற்றில் லினக்ஸ் போட்டுப் பார்ப்பது பல வருடப் பழக்கம். லினக்ஸின் அடித்தளமான கர்னலை எழுதுகிற ஆள் இல்லை. அதனால் எது நிச்சயம், எது உங்கள் போனைக் கையில் எடுத்துப் பார்த்தால்தான் தெரியும் என்று பிரித்துச் சொல்கிறேன்.

நிச்சயமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். உங்கள் ஜிபியுவில் பழுது இல்லை. இருந்திருந்தால் ஃபோஷ் திரையே இவ்வளவு சுத்தமாக நகராது. போன் சிப்பில் ஜிபியு வேறு, வீடியோ டிகோடர் வேறு. உங்கள் ஸ்னாப்டிராகன் 845இல் திரையில் வரைகிற வேலையை அட்ரினோ 630 பார்க்கிறது. சுருக்கி வைத்த வீடியோவை விரித்துப் படமாக்குகிற வேலைக்கு வீனஸ் என்று தனியாக ஒரு பகுதி இருக்கிறது. கம்ப்யூட்டரில் இன்டெல், ஏஎம்டி கார்டுகளில் இரண்டும் ஒரே டிரைவர் குடும்பத்தின் வழியாக வருவதால் விஏ-ஏபிஐ என்ற ஒரே கதவு போதும். அட்ரினோவுக்கு லினக்ஸில் இருக்கிற ஃப்ரீட்ரீனோ டிரைவர் வரைவதற்கு மட்டும்தான், அதில் அந்தக் கதவே கிடையாது. ஆகவே விஏஇன்ஃபோ எரர் காட்டுவதுதான் இந்தப் போனில் இயல்பு. போட்ட அந்தப் பேக்கேஜ்களைக் கழற்றிவிடுங்கள், இடமாவது மிச்சம்.

போனில் இந்த வேலை வீடியோ ஃபார் லினக்ஸ், அதாவது வி4எல்2 என்று கர்னலுக்குள் இருக்கிற பாதை வழியாக நடக்கிறது. வீனஸுக்கான டிரைவர் 2017இல், 4.13 கர்னலிலேயே உள்ளே வந்துவிட்டது, எச்.264, எச்.இ.வி.சி., விபி8, விபி9 என்ற கோடெக்குகள், அதாவது வீடியோவைச் சுருக்குகிற முறைகள், எல்லாம் அதில் உண்டு. டிரைவர் இருந்தும் ஏன் ஓடவில்லை என்று கேட்பீர்கள். சிப், கர்னல் டிரைவர், ஃபர்ம்வேர் (சிப்புக்குள்ளேயே ஓடுகிற மென்பொருள்), ஜிஸ்ட்ரீமர் மாதிரி ஒரு மீடியா லைப்ரரி, பிளேயர், கடைசியில் திரை என்று ஆறு கை மாறித்தான் ஒரு படம் உங்கள் கண்ணுக்கு வருகிறது. இதில் எந்த இடத்தில் அறுந்தாலும் பிளேயர் சண்டை போடாது, எரர் காட்டாது, சத்தமில்லாமல் சிபியுவில் டிகோட் செய்ய ஆரம்பித்துவிடும். சூடு ஏறும்போதுதான் உங்களுக்கே தெரியவரும். ஆண்ட்ராய்டில் இந்த ஆறையும் கம்பெனிக்காரனே ஒன்றாகக் கட்டி, சோதித்து, போனோடு கொடுத்துவிடுகிறான். இங்கே ஒவ்வொரு கண்ணியையும் ஒவ்வொரு கூட்டம் எழுதுகிறது, கட்டுகிற வேலை பாவிக்கிறவன் தலையில் விழுகிறது.

அதனால் பேக்கேஜ் தேடுவதை நிறுத்திவிட்டு அடியிலிருந்து ஒவ்வொன்றாகப் பாருங்கள். டெர்மினலைத் திறந்து கர்னல் லாகில் வீனஸ் என்ற பெயரைத் தேடுங்கள். ஃபர்ம்வேர் லோட் ஆகவில்லை, எரர் மைனஸ் 2 என்று இருந்தால் கோப்பே இல்லை என்று அர்த்தம், உங்கள் மாடலுக்குரிய ஃபர்ம்வேர் பேக்கேஜ் விடுபட்டிருக்கிறது. கோப்பு இருந்தும் வீனஸ் கோரை ரீசெட் செய்ய முடியவில்லை என்ற தோரணையில் எரர் வந்தால் பெரும்பாலும் கையெழுத்துப் பிரச்சினை. வீனஸுக்குள் ஒரு சின்ன புரொசஸர் இருக்கிறது, அதில் ஓடுகிற ஃபர்ம்வேரைப் போன் கம்பெனி தன் சாவியால் டிஜிட்டல் கையெழுத்துப் போட்டுத்தான் வெளியே விடுகிறது, சிப்பின் பாதுகாப்புப் பகுதி அதைச் சரிபார்க்காமல் ஏற்றாது. அதே 845 சிப்தானே என்று ஒன்பிளஸ் 6இன் கோப்பை எடுத்து ஷாவ்மி போனில் வைத்தால் ஏறாது. லினக்ஸ் ஃபர்ம்வேர் தொகுப்பில் வருகிற பொதுக் கோப்பும் அப்படித்தான், அது டெவலப்பர் போர்டுகளுக்கு. இதில் நிறையப் பேர் நாள் கணக்கில் மல்லுக்கட்டுகிறார்கள்.

இன்னொன்று, டெவ் ஃபோல்டரில் வீடியோ0, வீடியோ1 என்று இருப்பதைப் பார்த்துவிட்டு டிகோடர் ரெடி என்று நினைத்துவிடாதீர்கள். கேமரா டிரைவரும் அதே பெயரில்தான் வந்து உட்காரும். வி4எல்2 கருவிகளில் எல்லா டிவைஸையும் பெயரோடு பட்டியலிடுகிற கட்டளை உண்டு, அதில் வீனஸ் டிகோடர் என்று தனியாகத் தெரிய வேண்டும். தெரிந்தால், உங்கள் யூசர் வீடியோ என்ற குரூப்பில் இருக்கிறாரா என்றும் பார்த்துவிடுங்கள், அது இல்லாவிட்டால் பிளேயரால் அந்த டிவைஸைத் திறக்கவே முடியாது.

இங்கே ஒரு குறுக்கு விஷயம் சொல்ல வேண்டும், ஏனென்றால் தேடினால் வருகிற ஆலோசனைகளில் பெரும்பாதி லினக்ஸுக்கென்றே செய்த போன்களான பைன்ஃபோனுக்கும் லிப்ரெம் 5க்கும் எழுதியது. அந்தப் போன்களின் டிகோடர் வேறு ஜாதி. பைன்ஃபோனின் ஆல்வின்னர் ஏ64, லிப்ரெமின் ஐ.எம்.எக்ஸ்8எம் ஆகியவற்றில் டிகோடருக்குச் சொந்த மூளை கிடையாது. ஒவ்வொரு ஃபிரேமுக்கும் தலைப்புத் தகவலைச் சிபியுவே பிரித்துப் படித்து, இதை இதை இப்படி விரி என்று கையில் கொடுக்க வேண்டும். அதற்கென்று ரிக்வெஸ்ட் ஏபிஐ என்ற தனி வழி கர்னலின் 4.20இல் வந்தது, எச்.264க்கு அது நிலைப்பட்டதே 2021இல் வந்த 5.11இல்தான். வீனஸ் அப்படி இல்லை. சுருக்கிய டேட்டாவை அப்படியே கொடுத்தால் அதன் ஃபர்ம்வேரே பிரித்து, படமாக்கித் திருப்பித் தரும். எனவே பைன்ஃபோன்காரர் சொல்கிற, எஃப்எஃப்எம்பெக் என்ற வீடியோ லைப்ரரியின் தனி பில்ட், ரிக்வெஸ்ட் ஒட்டு (பேட்ச்) என்பவற்றில் நேரத்தைச் செலவழிக்காதீர்கள். அது அவர்களுடைய வியாதிக்கு மருந்து.

கர்னல் பக்கம் சுத்தம் என்றால் அடுத்தது லைப்ரரியும் பிளேயரும். என் அனுபவத்தில் இந்த வகைப் போனில் நம்பக்கூடிய வழி ஜிஸ்ட்ரீமர்தான். குட் பிளகின்ஸ் தொகுப்பில் வி4எல்2 பகுதி இருக்கிறது, அது கர்னலைக் கேட்டுப் பார்த்துத்தான் தன் டிகோடர்களைப் பதிந்துகொள்ளும். பதிந்திருப்பவற்றைப் பட்டியலிடுகிற ஜிஸ்ட்-இன்ஸ்பெக்டை ஓட்டி வி4எல்2எச்264டெக் என்ற பெயர் பட்டியலில் வருகிறதா பாருங்கள். வந்தால் அடியிலிருந்து அதுவரை எல்லாம் சரி என்று அர்த்தம். பெயரின் நடுவில் எஸ்எல் என்று சேர்ந்து வந்தால் அது நான் சொன்ன மற்ற ஜாதி. வீடியோ ஓடும்போது டிபக் வரிகளில் ஏவிடெக் என்று ஆரம்பிக்கிற பெயர் தெரிந்தால் வேலை சிபியுவில் நடக்கிறது. கிளாப்பர், லிவி இரண்டும் ஜிஸ்ட்ரீமர் பிளேயர்கள், போன் திரைக்கும் ஒத்துவரும். எம்பிவி பிளேயர் பிடிக்கும் என்றால் அதிலும் முடியும், ஆனால் எம்பிவி தானாக ஹார்ட்வேரைத் தொடாது, எச்டபிள்யூடெக் என்ற அமைப்பில் வி4எல்2எம்2எம்-காப்பி என்று நீங்கள்தான் எழுதிக் கொடுக்க வேண்டும்.

பிளேயரை ஃப்ளாட்பேக்காக, அதாவது தனிப் பெட்டிக்குள் அடைத்து வருகிற ஆப்பாக, போட்டிருக்கிறீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. போட்டிருந்தால் முதல் சந்தேகம் எனக்கு அங்கேதான். ஃப்ளாட்பேக் ஆப் தன் சொந்த ஜிஸ்ட்ரீமரையும் எஃப்எஃப்எம்பெக்கையும் கூடவே சுமந்து வரும், போனில் நீங்கள் போட்ட பிளகினை அது திரும்பியும் பார்க்காது. அதற்குக் கிடைக்கிற அனுமதியும் பல நேரம் ஜிபியுவுக்கு மட்டும்தான், வீடியோ டிவைஸ்கள் அதற்குக் கண்ணில் படாது. எல்லா டிவைஸுக்கும் அனுமதி கொடுத்துப் பார்க்கலாம். அதைவிட ஏபிகே (ஆண்ட்ராய்டு கோப்பு இல்லை, இங்கே பேக்கேஜ் போடுகிற கட்டளை) வழியாகப் போஸ்ட்மார்க்கெட்டின் சொந்தக் களஞ்சியத்திலிருந்து அதே பிளேயரைப் போடுவது சுலபம்.

பிரவுசரைப் பற்றி அதிகம் சொல்ல எனக்கு நல்ல செய்தி இல்லை. ஃபயர்ஃபாக்ஸ் லினக்ஸில் பெரும்பாலும் விஏ-ஏபிஐயைத்தான் நம்புகிறது, அது உங்களுக்கு இல்லை என்று பார்த்துவிட்டோம். 2023இல் 116ஆம் பதிப்பில் வி4எல்2 வழியும் வந்தது, ஆனால் எச்.264க்கு மட்டும், அதுவும் ராஸ்பெரி பை 4ஐ மனதில் வைத்து. உங்கள் போனில் அது ஒத்துழைக்கலாம், ஒத்துழைக்காமலும் போகலாம், பதிப்புக்குப் பதிப்பு மாறுகிறது. பிரவுசருக்குள் வைத்து யூடியூப் பார்க்காதீர்கள், இறக்கிப் பிளேயரில் பாருங்கள் என்பதே நான் கடைக்கு வருகிறவர்களுக்கும் சொல்வது.

சரி, டிகோடரில் எல்லாம் ஓடியும் படம் திக்கினால்? அப்போது வழி அறுந்தது டிகோடருக்குப் பிறகு. கணக்கைப் பாருங்கள். 1080பி படத்தில் ஒரு ஃபிரேமை விரித்தால் ஏறக்குறைய 3.1 எம்பி, வினாடிக்கு 30 ஃபிரேம் என்றால் 93 எம்பி. இதை ஒருவர் ஆர்ஜிபி நிறமாக மாற்றினால் ஒரு ஃபிரேமே 8.3 எம்பி ஆகிவிடுகிறது, வினாடிக்கு 250 எம்பி பக்கம். டிகோடர் எழுதிய அதே நினைவகத்தைத் திரை நேராக எடுத்துக்கொண்டால் இந்தச் சுமை இல்லை, டிஎம்ஏ-பஃப் என்பது அதற்குத்தான். நடுவில் யாராவது ஒருவர் காப்பி எடுத்தால் சிபியு மறுபடியும் சுமை தூக்க ஆரம்பிக்கும், ஹார்ட்வேர் டிகோட் செய்தும் சூடு குறையாது. மேலே சொன்ன எம்பிவி அமைப்பின் பெயரிலேயே காப்பி இருக்கிறது பார்த்தீர்களா, அதனால்தான் அதை இரண்டாவது வழியாகச் சொன்னேன். ஆப்களின் திரையை வரைகிற ஜிடிகே லைப்ரரியின் 4.14இல் படத்தை நேராகத் திரைக்குக் கைமாற்றுகிற வசதி வந்தது, ஆகவே பழைய பதிப்பில் இருந்தால் சிஸ்டத்தை அப்டேட் செய்வதே பாதி வைத்தியம். படத்தின் அடியில் மெல்லிசாக ஒரு பச்சைக் கோடு தெரிந்தால் பயப்படாதீர்கள், டிகோடர் 16 வரி 16 வரியாகத்தான் வேலை செய்யும், 1080 பதினாறில் சரியாக வகுபடாது, அது 1088 வரி எழுதுகிறது, மிச்ச 8 வரியைப் பிளேயர் வெட்டாமல் காட்டிவிடுகிறது. சொல்லப்போனால் அந்தக் கோடு நல்ல சகுனம். படத்தை விரிப்பது ஹார்ட்வேர்தான் என்று அது காட்டிக்கொடுக்கிறது.

இனி, சந்தேகமாக இருப்பது. 845இல் நாலு பெரிய கோர் இருக்கிறது, 2.8 கிகாஹெர்ட்ஸ் வரை போகும். எச்.264, 720பி, 30 ஃபிரேம் வீடியோவை அது சிபியுவிலேயே சிரமமில்லாமல் விரிக்கும். சூடு வரும், சார்ஜ் இறங்கும், ஆனால் திக்கக் கூடாது. ஆகவே உங்களுக்குத் திக்குவதும் சூடும் ஒரே காரணத்தால் வருகிறது என்று எனக்குப் படவில்லை. இரண்டு இடத்தைச் சந்தேகிக்கிறேன். ஒன்று சத்தம். பிளேயர் படத்தைச் சத்தத்தின் நேரத்தோடுதான் ஒட்டி ஓட்டும், ஆடியோ தடுமாறினால் படமும் நின்று நின்று வரும். ஆடியோ டிராக்கை முழுசாக நிறுத்திவிட்டு அதே இடத்தை ஓட்டிப் பாருங்கள், படம் சீராக ஓடினால் தேட வேண்டியது ஆடியோ பக்கம். மற்றது, நீங்கள் இறக்கிய கோப்பின் வகை. டேட்டா மிச்சம் பிடிக்க ஆகச் சின்ன சைஸைத் தேர்ந்தெடுத்தேன் என்று எழுதியிருக்கிறீர்கள். யூடியூப்பில் ஒரே தரத்தில் ஆகச் சின்னது பெரும்பாலும் ஏவி1 என்ற புதிய கோடெக். உங்கள் சிப் 2018 போனுக்கு வந்தது, ஏவி1 அதற்குத் தெரியாது. ஸ்னாப்டிராகன் போன் சிப்களில் அது வந்ததே 8 ஜென் 2இல்தான். எத்தனை டிரைவர் போட்டாலும் அந்தக் கோப்பு சிபியுவில்தான் ஓடும். ரீலோட் காசில் மிச்சம் பிடித்ததை பேட்டரியில் கொடுத்துக்கொண்டிருக்கிறீர்கள்.

நான் உங்கள் இடத்தில் இருந்தால் இப்படிச் செய்வேன். ஸூம் ரெக்கார்டிங் எம்பி4ஆக வந்தால் அது எச்.264தான், தொடத் தேவையில்லை. யூடியூப் பாடத்தை ஒய்டி-டிஎல்பி என்ற இறக்குகிற கருவியால் இறக்கும்போது கோடெக்கையும் உயரத்தையும் நீங்களே சொல்லி இறக்குங்கள், அதன் போக்கில் விடாதீர்கள். போர்டில் எழுதிப் படிப்பிக்கிற பாடத்துக்கு எச்.264, 480பி தாராளமாகப் போதும். கெமிஸ்ட்ரி சமன்பாட்டில் கீழே எழுதுகிற சின்ன எண்கள் மங்கினால் 720பிக்குப் போங்கள், அப்போது விபி9 எடுத்தால் சைஸும் குறையும், வீனஸுக்கும் அது தெரியும். இரவு டேட்டா இருக்கிற பேக்கேஜ் என்றால் அந்த நேரத்தில் இறக்கி வைத்துவிடுங்கள். 10 பிட் என்று போட்ட கோப்புகளை எடுக்காதீர்கள். 60 ஃபிரேமும் வேண்டாம், சேர் எழுதுகிற வேகத்துக்கு 30 காணும்.

சோதிக்கும்போது ஊர்க் குளிரையும் கணக்கில் எடுங்கள். மழை நாளில் உங்கள் பக்கம் ஜன்னலைத் திறந்து வைத்தால் போன் நிறைய நேரம் தாக்குப்பிடிக்கும், அதே கோப்பு கொழும்பில் ஒரு ரூமில் பத்து நிமிஷத்தில் சிபியு வேகத்தைக் குறைக்க வைத்துவிடும். இங்கே சூடாகவில்லையே என்பதை ஆதாரமாக எடுக்க முடியாது. ஏர்பிளேன் மோடில், ஒரே வெளிச்சத்தில், ஒரே கோப்பை அரை மணித்தியாலம் ஓட்டி எத்தனை சதவீதம் இறங்குகிறது என்று ஒருமுறை சிபியுவிலும் ஒருமுறை ஹார்ட்வேரிலும் பாருங்கள். கூடவே எது எவ்வளவு சிபியு தின்கிறது என்று காட்டுகிற எச்டாப்பைத் திறந்து வையுங்கள், பிளேயர் மட்டும் நூறு சதவீதத்துக்கு மேல், அதாவது ஒரு முழுக் கோருக்கு மேல் தின்றால் பெரும்பாலும் ஹார்ட்வேர் தொடப்படவில்லை.

இவ்வளவும் வேண்டாம், படிக்க நேரமில்லை என்றால் வேறு பாதையும் உண்டு. உபுண்டு டச், செயில்ஃபிஷ் மாதிரியானவை பல போன்களில் ஆண்ட்ராய்டின் பழைய கர்னலையும் கம்பெனி டிரைவர்களையும் அப்படியே அடியில் வைத்துக்கொண்டு மேலே லினக்ஸ் ஓட்டுகின்றன. ஆண்ட்ராய்டு எப்படி டிகோட் செய்ததோ அப்படியே இங்கேயும் நடப்பதால் வீடியோ பெரும்பாலும் சொன்னபடி கேட்கும். விலை என்னவென்றால் 845க்கு அந்தக் கர்னல் 4.9, அதற்கும் அப்டேட் நின்றுவிட்டது. நீங்கள் ஆண்ட்ராய்டை விட்டதே அப்டேட் இல்லை என்றுதானே? வேடிராய்டு போட்டு அதற்குள் ஆண்ட்ராய்டு ஆப்பில் பார்க்கலாம் என்றும் சொல்வார்கள், ஆனால் போஸ்ட்மார்க்கெட்டின் மேல் அது ஓடும்போது கர்னல் இதே கர்னல்தான், போட்ட கையோடு பார்த்தால் டிகோட் மறுபடியும் சிபியுவில்தான் வந்து விழும். படிப்புக்கு வைத்திருக்கிற ஒரே போன் இதுதான் என்றால், பரீட்சை முடியும் வரை அதிகம் நோண்டாமல் 480பியில் பார்த்துக்கொண்டு இருப்பதையே நான் சொல்வேன்.

வீடியோவைவிட எனக்கு உங்கள் பேட்டரி பற்றித்தான் கவலை. 2018 போன், பேட்டரி மாற்றியது கிடையாது, சார்ஜில் போட்டபடியே பாடம் பார்க்கிறேன் என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். டிகோட் சூடும் சார்ஜ் சூடும் சேர்ந்தால் பழைய லித்தியம் பேட்டரி உப்பும். கவரைக் கழற்றி, போனை மேசையில் மல்லாக்க வைத்து மூலையில் அழுத்திப் பாருங்கள், ஆடினால், அல்லது பின்மூடி ஓரத்தில் நகம் நுழைகிற இடைவெளி தெரிந்தால், இன்றைக்கே ஆஃப் செய்துவிட்டு டவுனில் நல்ல கடையில் காட்டுங்கள். அப்படி ஒன்றும் இல்லை என்றால் கர்னல் லாகில் வீனஸ் பற்றி வந்த வரிகள், ஜிஸ்ட்-இன்ஸ்பெக்டின் வி4எல்2 பட்டியல், உங்கள் போனின் திரையைச் செய்த கம்பெனி டியான்மாவா ஈபிபிஜியா என்பது, இவற்றைப் போடுங்கள். அந்த இரண்டு திரைக்கும் கர்னல் விவரக் கோப்பு வேறு வேறு, தப்பான இமேஜைப் போட்டிருக்கிறீர்களா என்பதையும் அதோடு பார்த்துவிடலாம்.